செத்தவீட்டுத் தட்டத்தில் சிகரெட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. இறந்தவருக்கு 49 வயது. காலையில் கடை திறக்கப் போனவர், பூட்டில் திறப்பைப் போட்டபடியே சரிந்துவிட்டார். மாரடைப்பு. மூத்தவள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், இளையவன் தரம் ஏழு. பந்தலின் கீழே கதிரைகளில் இருந்த நாங்கள் எல்லோரும், "நேற்று வரைக்கும் நன்றாகத்தானே இருந்தார்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போது மீசை அரும்புகிற வயதில் ஒரு பையன் கையில் தட்டத்துடன் வரிசையாக வந்தான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அவற்றின் நடுவே பெட்டி உடைத்துப் பரப்பிய சிகரெட்டுகள், ஓரத்தில் ஒரு நெருப்புப்பெட்டி. இறந்தவர் நாளொன்றுக்கு ஒரு பெட்டி புகைத்தவர் என்பது அந்தப் பந்தலில் இருந்த அனைவருக்கும் தெரியும். அவருடைய வாசலிலேயே அந்தத் தட்டம் என் முன்னாலும் நீட்டப்பட்டது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தத் தட்டந்தான்.

நான் 35 வருடம் தபாற்காரனாக வேலை செய்தவன். 1984 இல் சேர்ந்து 2019 இல் ஓய்வு பெற்றேன். யாழ்ப்பாணத்தில் கொக்குவில், தாவடி, இணுவில் பக்கம் நான் சைக்கிள் மிதிக்காத ஒழுங்கை இல்லை. மணிச்சத்தம் கேட்டாலே கேற்றடிக்கு வந்துவிடுவார்கள். வெளிநாட்டுக் கடிதம் என்றால் கையோடு தேநீரும் வரும். அந்தத் தேநீரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2022 ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள் அதிகாலை நாலு மணி இருக்கும். நெஞ்சின் நடுவே அம்மிக்கல்லை ஏற்றி வைத்தது போல ஒரு பாரம். இடது தாடை உளைந்தது. வியர்த்துக் கொட்டிச் சாரம் நனைந்துவிட்டது. வாய்வு என்றுதான் நினைத்தேன். மனைவி இஞ்சியும் உள்ளியும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துத் தந்தாள். குடித்துவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். இருட்டோடு ஆட்களை ஏன் எழுப்புவான் என்று மகளுக்குக்கூடச் சொல்ல விடவில்லை. ஏழு மணிக்கு அவள் தற்செயலாக வந்து என் முகத்தைப் பார்த்ததும் 1990 இலக்கத்துக்கு அழைத்தாள். இலவச அம்புலன்ஸ் வந்தது. நான் பிழைத்துக்கொண்டேன். ஆனால் அந்த மூன்று மணித்தியாலத்தில் செத்துப்போன இதயத் தசை செத்துப்போனதுதான். இன்று வரைக்கும் மாடிப்படி ஏறினால் எனக்கு அது தெரிகிறது. நெஞ்சில் பாரம் ஏறி, அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவி, வியர்த்தால், இஞ்சி தேடாமல் 1990 ஐ அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெரிய நோவு இல்லாமலே, களைப்பும் மூச்சு முட்டலும் ஓங்காளமுமாகவும் இது வரக்கூடும்.

வாட்டில் என்னைப் பார்த்த வைத்தியர் என் மகளின் வயதுப் பிள்ளை. அவரோடு நான் வாதாடினேன். "முப்பத்தைந்து வருடம் சைக்கிள் மிதித்த எனக்கு எப்படி இந்த வருத்தம் வரும்?" என்று கேட்டேன். அவர் கட்டிலோரம் நின்று பொறுமையாகச் சொன்னார்: "இது நேற்று வந்த வருத்தம் இல்லை ஐயா. இருபது, முப்பது வருடமாக இரத்தக்குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வந்திருக்கிறது. நேற்று அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட்டது." பிறகு கேள்விகள் கேட்டார். புகைக்கிறீர்களா? கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்? தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி? கறிக்கு உப்பு எப்படி? ஓய்வு பெற்ற பிறகு சைக்கிள் ஓடுகிறீர்களா?

22 வயதில் தொடங்கிய சிகரெட் அன்றைக்கும் என் சட்டைப் பையில் இருந்தது. பிரஷரை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. தலை சுற்றவில்லை, மயக்கம் வரவில்லை, பிறகு ஏன் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். பிரஷர் எந்தக் குறியும் காட்டாமலே வருடக்கணக்காகக் குழாய்களைக் கெடுக்கும் என்பதை அந்தக் கட்டிலில் கிடந்துதான் அறிந்தேன். சைக்கிளோ, ஓய்வூதியம் கைக்கு வந்த மாதமே கொட்டிலுக்குள் போய்விட்டது. மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தேன். முந்நூறு யார் தூரத்தில் இருக்கிற கடைக்குப் பாண் வாங்கவும் அதில்தான் போனேன்.

"சைக்கிள் உங்களை இத்தனை நாளும் காத்துத்தான் வந்தது. அதையும் விட்டுவிட்டீர்கள்" என்றார் அந்த வைத்தியர்.

இந்த ஊரில் என் வயதுக்காரர்களுக்குச் சைக்கிள் என்றால் என்னவென்று தெரியும். 1990 களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை. வாத்தியாரும் வைத்தியரும் பெரிய உத்தியோகத்தரும் சைக்கிளில்தான் போனார்கள். அரிசி மூட்டையும் விறகும் சைக்கிளில் வந்தன, கர்ப்பிணிகள்கூடச் சைக்கிள் கரியரில்தான் போனார்கள். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் அம்மாவைக் கரியரில் இருத்தி, செம்மணி வழியாக நாவற்குழிக்கு விடிய விடியத் தள்ளிக்கொண்டு போனவன் நான். அந்தக் காலத்தை நான் ஒருபோதும் போற்ற மாட்டேன். பசியும் பயமும் சாவும் நிறைந்த காலம் அது, யாருக்கும் மறுபடி வரக்கூடாது. ஆனால் உடம்பை அசைக்கவென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டிய தேவை அன்று யாருக்கும் இருக்கவில்லை. போருக்குப் பிறகு பாதை திறந்தது, லீசிங் வந்தது, வீட்டுக்கு இரண்டு மோட்டார் சைக்கிள் வந்தது. வந்ததில் பிழையில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அதிலேயே போகப் பழகியதுதான் பிழை.

எனக்கு நடந்ததைக் கேளுங்கள். மாரடைப்பு வந்து சில மாதத்தில் நாடெங்கும் எரிபொருள் இல்லாமல் போனது. வரிசையில் நிற்க என் உடம்பு இடம் தரவில்லை. வைத்தியரிடம் கேட்டேன். முதலில் நடை, பிறகு மெதுவாகச் சைக்கிள் என்று அனுமதி தந்தார். கொட்டிலில் இருந்த பழைய சைக்கிளுக்கு இரண்டு ரியூப்பும் பிரேக் கட்டையும் மாற்றி வெளியே எடுத்தேன். முதல் நாள் தாவடிச் சந்தி வரைக்கும் போகவே மூச்சு வாங்கியது. மூன்று மாதத்தில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் மரக்கறியுடன் திரும்பினேன். பெற்றோல் திரும்ப வந்தபோது மோட்டார் சைக்கிளை மருமகனிடம் கொடுத்துவிட்டேன். வாரத்துக்கு 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்கும்படி உடம்பை அசைத்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அரை மணித்தியாலம் வீதம் ஐந்து நாள். சந்தைக்குப் போய் வருவதிலேயே எனக்கு அது கிடைத்துவிடுகிறது. நடப்பதற்கென்று மோட்டார் சைக்கிளில் பூங்காவுக்குப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, போகாதவர்களைவிட அவர்கள் எவ்வளவோ மேல். ஆனால் தனியாக வைத்த உடற்பயிற்சி மழை வந்தால் நின்றுவிடும், விருந்தாளி வந்தால் நின்றுவிடும். சந்தைக்குப் போகிற வேலை நிற்காது.

மனைவிக்கு முழங்கால் உளைவு. வீதியில் நடக்க அவளுக்குப் பயம், ஓரமாக நடக்க இடமும் இல்லை, நாய்களும் அதிகம். மாலையில் எங்கள் கோயில் வெளிவீதியைச் சுற்றி வருகிறாள். முதலில் மூன்று சுற்று, இப்போது பதினொன்று. அவளைப் பார்த்து அயலில் நான்கு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். வெளிவீதிகளில் பின்னேரம் ஏழரை வரைக்கும் இரண்டு மின்குமிழ் எரிந்தால் இன்னும் எத்தனையோ பெண்கள் வருவார்கள். கோயில் பரிபாலன சபைகளில் இருப்பவர்கள் இதை வாசித்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

இனி உப்பு. இதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத இடம் தாருங்கள், ஏனென்றால் எங்கள் வீட்டில் நாங்களே கண்டுபிடித்த வழி இது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்று கிளினிக்கில் தாதி சொன்னார். ஒரு தேக்கரண்டியை மட்டம் தட்டினால் அவ்வளவு. "அளந்தா சமைக்கிறோம்? கையால் அள்ளிப் போடுகிறோம்" என்றாள் மனைவி. அது உண்மைதான். அதனால் ஒன்று செய்தோம். புதிய 400 கிராம் உப்புப் பை உடைத்த அன்றே, பையின் மேல் குமிழ்முனைப் பேனாவால் தேதியை எழுதி வைத்தாள். நாங்கள் இரண்டு பேர். நாளுக்கு 10 கிராம் என்றால் அந்தப் பை நாற்பது நாள் வர வேண்டும். இருபத்திரண்டாம் நாள் பையின் அடி தெரிந்தது. மீன் கழுவப் போன உப்பைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. அதற்கு மேல் கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், கடை மிக்சர் எல்லாம் அந்தப் பைக்கு வெளியே வருகிற உப்பு.

மனைவி அன்று சாப்பிடாமல் இருந்தாள். "என் கையால்தான் உங்களுக்கு இது வந்ததா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா சமைத்தது போலத்தான் அவளும் சமைத்தாள், என் அம்மாவும் அப்படித்தான். சோற்றுக்கு உப்புப் போடுவதை அன்றிலிருந்து நிறுத்தினாள். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் மா குழைக்கும்போது பாதியாக்கினாள். சொதிக்குத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டினாள், கறிக்கு மிளகும் சீரகமும் உள்ளியும் கூட்டினாள். முதல் இரண்டு வாரம் எல்லாம் சப்பென்றுதான் இருந்தன. மூன்றாவது வாரம் நாக்கு பழகிவிட்டது. இப்போது வெளியில் சாப்பிட்டால் கரிக்கிறது. சென்ற பை 37 நாள் வந்தது. அளவுக்கோப்பையும் வேண்டாம், தராசும் வேண்டாம். ஆளுக்கு 5 கிராம், வீட்டில் எத்தனை பேர் என்று பெருக்கி, பையில் தேதி எழுதுங்கள். அது போதும்.

தேங்காய் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் சமையல் இல்லை. அதைக் கைவிடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் கைவிடவில்லை. ஆனால் தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொலஸ்ரோலை ஏற்றுகிற சாமான். எங்கள் வீட்டில் முதற்பால் விட்டு வைக்கிற கறி இப்போது ஒரு நாளைக்கு ஒன்றுதான், சொதிக்கு இரண்டாம் பால். கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைப்பதை மாதத்துக்கு ஒருமுறையாக்கினோம். பொரித்த எண்ணெயைப் போத்தலில் ஊற்றி வைத்து மறுபடி மறுபடி பொரிப்பதை அறவே விட்டோம். முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி என்று தினமும் ஏதோ ஓர் இலை தட்டில் விழுகிறது. வேலியில் நிற்கிற முருங்கைக்கு யாரும் காசு கேட்பதில்லை. மீனென்றால் விளைமீனும் பாரையும்தான் மீன் என்று இருந்த நான், இப்போது சூடையும் கீரியும் வாங்குகிறேன். இதயத்துக்கு நல்ல கொழுப்பு அந்தச் சின்ன மீன்களில் நிறைய இருக்கிறது, விலையும் குறைவு. பொரிக்காமல் புளி விட்டு அவித்தால் அதன் ருசியே தனி.

தேநீருக்கு வருகிறேன். ஒரு நாளில் ஐந்து வீட்டிலாவது எனக்குத் தேநீர் தருவார்கள். வெயிலில் வருகிறவன் என்று இரக்கப்பட்டு இரண்டு கரண்டி போடுகிற இடத்தில் மூன்று போட்டுத் தருவார்கள். கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தாலும், வீட்டில் குடித்ததை விட்டுவிட்டே, வெளியில் மட்டும் நாளுக்கு 60 கிராம் சீனி குடித்திருக்கிறேன். வளர்ந்த ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 50 கிராமுக்கு மேல் கூடாது, 25 க்குள் நின்றால் இன்னும் நல்லது. அந்தக் கைகளை நான் நன்றியோடு நினைக்கிறேன். அவர்கள் தந்தது அன்பு. சீனி கூடினால் அன்பு கூடும் என்று நாமெல்லோரும் நம்பி வளர்ந்திருக்கிறோம், அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிறவரிடம் "சீனி போடவா, வேண்டாமா?" என்று கேட்பதை மரியாதைக் குறைவாக எடுக்காதீர்கள். ஒரு செம்பு மோரோ இளநீரோ கொடுங்கள். பிள்ளைகளுக்குச் சோடா வாங்குகிறவர்கள் போத்தலில் உள்ள வண்ண வட்டத்தைப் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2016 இலிருந்து நாட்டில் அது நடைமுறையில் இருக்கிறது, ஆனால் கடையில் யாரும் போத்தலைத் திருப்பிப் பார்ப்பதை நான் காணவில்லை.

வயதில் இளையவர்களுக்கு ஒன்று. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச சுகாதார நிலையங்களில் பிரஷர், இரத்தத்தில் சீனி, நிறை, இடுப்பளவு எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். வருத்தம் வந்த பிறகு வரிசையில் நிற்பதைவிட ஒரு காலைப் பொழுதை அதற்குக் கொடுங்கள். இடுப்பை வீட்டிலேயே தையல் நாடாவால் அளக்கலாம். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் தாண்டினால் கவனம் வேண்டும். வைத்தியர் பிரஷருக்கு மருந்து தந்தால் "இப்போது சரியாகிவிட்டது" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து குடிப்பதால்தான் அது சரியாக இருக்கிறது.

சிகரெட்டை நான் விட்டது வாட்டில் கிடந்த அன்று. அதன் பிறகு மூன்று தடவை மனம் அலைந்தது. மூன்று தடவையும் செத்தவீட்டில்தான். வீட்டில் சிகரெட் இல்லை, கடைக்குப் போய் வாங்க மனமும் இல்லை. ஆனால் பந்தலில் துக்கத்தோடு இருக்கும்போது ஒருவன் தட்டத்தை நீட்டி, எடுங்கள் என்கிறான், பக்கத்தில் இருப்பவர் எடுக்கிறார், எடுக்காவிட்டால் வீட்டுக்காரர் மனம் நோகுமோ என்றும் தோன்றுகிறது. சிகரெட்டை விட்டு ஒரு வருடம் ஆனால் மாரடைப்பு வருகிற ஆபத்து, புகைப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அப்படி விட்டவர்களை மறுபடி இழுக்கிற இடமாக நம் துக்க வீடுகள் இருக்கக் கூடாது. அந்தத் தட்டத்தைத் தூக்கி வருகிற பையன்களையும் நினைத்துப் பாருங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கடைக்காரர் விற்கக் கூடாத பிள்ளையின் கையில் நாமே பெட்டியை உடைத்துக் கொடுக்கிறோம்.

கொக்குவில் ஒரு காலத்தில் சுருட்டுக்குப் பேர்போன ஊர். என் பாட்டனார் கொட்டிலில் இருந்து சுருட்டுச் சுற்றியவர், அந்தக் காசில்தான் என் தகப்பன் படித்தார். ஆகவே புகையிலையால் வாழ்ந்தவர்களை இழிவாகப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்தத் தட்டத்தை இனி எடுத்து வைக்க வேண்டும்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கும் போயிருந்தேன். படையலில் இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்திருந்தார்கள். கணவாய்க் கறி, இறால் வடை, இளநீர், அவருடைய படத்தின் முன்னால் அவர் புகைத்த அதே சிகரெட்டில் ஒரு பெட்டி. இளையவன் அதை நேராக்கி வைத்தான். அவன் தகப்பன் மேல் வைத்த அன்பில்தான் அதைச் செய்தான். அந்தச் சின்ன விரல்களை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் ஒரு வேண்டுகோள். பத்திரிகையை விரித்ததும் எங்கள் ஊர்ச் சனம் முதலில் பார்க்கிற பக்கங்களில் ஒன்று மரண அறிவித்தல். "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்ற வரிக்குக் கீழே, "புகைப்பொருட்கள் பரிமாறப்படமாட்டாது" என்று ஒரு வரி சேர்க்க விரும்பும் குடும்பங்களுக்கு அந்த வரிக்குப் பணம் அறவிடாமல் போட்டுத் தாருங்கள். தாமாக மறுக்கத் தயங்குகிற வீட்டாருக்கு, பத்திரிகையில் வந்துவிட்டது என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும். என் மரணத்துக்கு வருகிற அறிவித்தலில் அந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தபாற்காரன்,
கொக்குவில்.